லெந்து நாள்ல (ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாள் நோன்பு) தியானப் புக் படிக்கிறேன், ஒண்ணும் ஒட்ட மாட்டேங்குது. நீங்க எல்லாம் எப்படிப் படிக்கிறீங்க?

அயனாவரம்காரன்
மார்ச் 2, 2026, இரவு 11.52

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நாலஞ்சு நாளா எழுதலாமா வேணாமான்னு யோசிச்சு இப்பதான் டைப் பண்றேன், கொஞ்சம் நீளமா போகும், மன்னிச்சுக்கோங்க.

நான் அயனாவரம், சி.எஸ்.ஐ சபை, வயசு 36, கிண்டியில ஒரு கம்பெனியில பில்லிங் வேலை. போன நவம்பர்ல அம்மா தவறிட்டாங்க. அதுவரைக்கும் எங்க வீட்ல லெந்துன்னா அது அம்மா டிபார்ட்மென்ட். சாம்பல் புதன்லேர்ந்து கறி மீன் கிடையாது, சீரியல் கிடையாது, விடியக்காலம் நாலரைக்கு எழுந்து குளிச்சிட்டு ஹால்ல உக்காந்து வேதத்தைச் சத்தமா வாசிப்பாங்க. மனசுக்குள்ள வாசிக்கிற பழக்கமே அவங்களுக்குக் கிடையாது, பேப்பரைக்கூட சத்தமாதான் படிப்பாங்க. தூக்கம் கெடுதேன்னு நான் எத்தனையோ நாள் தலகாணியை எடுத்துக் காதுல அமுக்கிக்கிட்டுப் படுத்திருக்கேன்.

இந்த வருஷம் அந்தச் சத்தம் இல்ல. அதனால நானே ஆரம்பிப்போம்னு நாப்பது நாளைக்கான தியானப் புக் ஒண்ணு வாங்கினேன், போன்ல ஒரு ஆப்பும் போட்டேன். பிப்ரவரி 18 ஆரம்பிச்சு ஆறு நாள் போச்சு, ஏழாவது நாள் விட்டுட்டேன். ஆப்ல ஸ்ட்ரீக் போச்சுன்னு ஒரு அழுமூஞ்சி பொம்மை வேற காட்டுது. கணக்குப்படி இன்னைக்குப் பதிமூணாவது நாள், நான் இன்னும் ஆறுலயே நிக்கிறேன்.

சோம்பேறித்தனம் மட்டும் காரணம் இல்ல. புக்ல தினமும் ஒரே மாதிரிதான் வருது. மேல ஒரு வசனம், நடுவுல பனி கொட்டற ஏதோ ஒரு ஊர்ல ஒரு சின்னப் பையன் கதை, கீழ ஒரு குட்டி ஜெபம். எந்தத் துக்கத்துல ஆரம்பிச்சாலும் பதினஞ்சாவது வரியில வெளிச்சம் வந்துடுது. எனக்கு நாலு மாசம் ஆகப்போகுது, இன்னும் வரல. படிக்கிறது எல்லாம் தாமரை இலைத் தண்ணி மாதிரி உருண்டு ஓடிடுது. காலைல வாட்ஸப்ல சூரியன் உதிக்கிற படத்தோட வசனம் அனுப்பறாங்க பாருங்க, அதைப் பார்த்தா இப்பல்லாம் கோவம்தான் வருது, அப்புறம் கோவம் வந்துச்சேன்னு குற்ற உணர்ச்சி வேற.

ராத்திரி தூக்கமும் சரியா இல்ல. மொட்டைமாடில போய் உக்காந்துடறேன்.

என் கேள்வி இதுதான், நீங்க எல்லாம் இந்த நாள்ல எதைப் படிக்கிறீங்க, ஒரு நாளைக்கு எவ்ளோ, விட்டுப்போன நாளை என்ன பண்றீங்க? நம்பிக்கை வரணும்னுதானே படிக்கிறோம், வரலன்னா நிறுத்திட்டு அடுத்த வருஷம் பார்த்துக்கலாமா? அம்மாவோட வேதம் பீரோ மேலதான் இருக்கு, அதை இன்னும் திறக்கல. கை போகல.

---

சத்தியவசனம்77
மார்ச் 3, காலை 6.10

பிரதர் தப்பா எடுத்துக்காதீங்க, லெந்துங்கிற வார்த்தை வேதத்துல எங்க இருக்கு? நாப்பது நாள் கறி சாப்பிடாம இருந்துட்டு ஈஸ்டர் மத்தியானம் பிரியாணிக்கு க்யூவுல நிக்கிறதுதான் பக்தியா? 365 நாளும் வேதம் படிங்க, அப்ப ஆறாவது நாள் ஏழாவது நாள்னு கணக்கே வராது. புக்கைத் தூக்கி வெச்சிட்டு நேரா ஜெபத்துல உக்காருங்க.

அம்மா விஷயம் கேட்டு வருத்தமா இருக்கு. தேவன் ஆறுதல் தருவார்.

---

நைட்டூட்டி சிஸ்டர்
மார்ச் 3, காலை 8.35

இப்பதான் டூட்டி முடிஞ்சு பஸ்ல வர்றேன், தூக்கக் கலக்கத்துல எழுதறேன், தப்பு இருந்தா விட்டுடுங்க.

சகோ, நான் நர்ஸ், பதினோரு வருஷமா மாசத்துல பாதி நாள் நைட்தான். நீங்க சொன்ன மாதிரி புக் எல்லாம் நானும் வாங்கி வாங்கிப் பாதியில விட்டவதான். இப்ப ஒரே ஒரு சங்கீதம்தான் எனக்கு, வேதத்துல சங்கீதப் புத்தகத்துல வர்ற 130-வது பாட்டு. எட்டே வசனம். "கர்த்தாவே, ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்"னு ஆரம்பிக்கும். அதுல ஆறாவது வசனத்துல ஜாமக்காரர் வருவாங்க பாருங்க, எப்ப விடியும்னு காத்திருக்கிறவங்க. அந்த வசனத்துக்கு அர்த்தம் எனக்கு சர்ச்ல புரியல, வார்டுலதான் புரிஞ்சுது.

ராத்திரி மூணு, மூணரைக்கு முழிச்சுக்கிற பேஷன்ட் யாரும் மாத்திரையைப் பத்திக் கேக்க மாட்டாங்க. "சிஸ்டர், விடிஞ்சிடுச்சா?" இதைத்தான் கேப்பாங்க. எங்க வார்டு ஜன்னலுக்கு எதிர்ல பெரிய செவுரு, வெளிச்சம் தெரியவே தெரியாது. எங்களுக்கு விடியறது எப்படித் தெரியும்னா முதல்ல காக்கா, அப்புறம் கீழ டீக்காரர் டம்ளர் கழுவற சத்தம், அப்புறம் ஃபினாயில் வாசனை. அதுவரைக்கும் "இன்னும் கொஞ்ச நேரம்மா"ன்னு சொல்லிக்கிட்டே இருப்போம். விடிஞ்சிடுச்சுன்னு பொய் சொல்ல முடியாது, ஏன்னா அவங்களே வாட்ச் பாப்பாங்க.

ஜாமக்காரனால சூரியனைக் கொண்டு வர முடியாது சகோ. அவன் வேலை முழிச்சிட்டு இருக்கிறது மட்டும்தான். உங்க புக் பதினஞ்சாவது வரியில விடிஞ்சிடுச்சுன்னு சொல்லுது, உங்களுக்கு மணி இன்னும் மூணுதான் ஆகுது, அதான் ஒட்டல. கோவம் வந்ததுக்கெல்லாம் குற்ற உணர்ச்சி வேணாம்.

நான் எப்படிப் படிப்பேன்னா, டூட்டி ஏறும்போது ஒரு வசனம், அவ்ளோதான். ராத்திரி முழுக்க அதே வசனம். சுகர் செக் பண்ணிக்கிட்டே, ட்ரிப்ஸ் மாத்திக்கிட்டே வாய்க்குள்ள ஓடும். இறங்க வேண்டிய ஸ்டாப் வந்துடுச்சு, அப்புறம் எழுதறேன்.

---

வேப்பேரி வாத்தியார்
மார்ச் 3, மாலை 5.20

தம்பி, நான் ரிட்டையர் ஆன தமிழ் வாத்தியார், வயசு 71, கொஞ்சம் வளவளன்னு எழுதுவேன், பொறுத்துக்குங்க.

முதல்ல சத்தியவசனம் அவர்களுக்கு. லெந்துங்கிற வார்த்தை வேதத்துல இல்லதான், ஒத்துக்கறேன். ஆனா இது நேத்து வந்த பழக்கமும் இல்ல. கி.பி. 325-ல நிசேயாவுல சபைப் பெரியவங்க கூடின சங்கத்தோட அஞ்சாவது விதியிலயே இந்த நாப்பது நாள் பத்தின பேச்சு வருது. 1700 வருஷமா ஜனங்க செய்யற ஒண்ணு. பிரியாணி க்யூ பத்தி நீங்க சொன்னது மட்டும் நூத்துக்கு நூறு உண்மை, நானும் அந்த க்யூவுல நின்னிருக்கேன்.

இப்ப தம்பிக்கு. விட்டுப்போன நாளைப் பத்திக் கேட்டீங்க. சாம்பல் புதன்லேர்ந்து ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை வரைக்கும் எண்ணிப் பாருங்க, 46 நாள் வரும். நடுவுல வர்ற ஆறு ஞாயித்துக்கிழமையும் கணக்குல சேராது, ஞாயிறுன்னா அது ஒரு குட்டி ஈஸ்டர், அன்னைக்கு நோன்பு இல்ல. கழிச்சா 40. ஆகப் பெரியவங்களே ஆறு நாள் மிச்சம் விட்டுத்தான் வெச்சிருக்காங்க. ஆப்காரனுக்கு அது தெரியாது.

எதைப் படிக்கிறதுன்னா, பழைய சபையில ஏழு மனந்திரும்புதல் சங்கீதங்கள்னு ஒரு வரிசை உண்டு. 6, 32, 38, 51, 102, 130, 143. சாம்பல் புதன்லேர்ந்து வர்ற அந்த அரை வாரத்தையும் சேர்த்து எண்ணினா லெந்துல ஏழு வாரம். வாரத்துக்கு ஒரு சங்கீதம், அதே சங்கீதத்தைத் தினமும், சத்தமா. நான் இப்படித்தான் பல வருஷமா செய்றேன். ஒரு நாள் விட்டாலும் ஒண்ணும் கெட்டுப்போகாது, மறுநாளும் அதே சங்கீதம்தானே. இந்த வாரம் 38. அதைப் பாடினவன் சொல்றான், கண்ணோட ஒளிகூட என்னை விட்டுப் போச்சு, கூட்டாளிங்க எல்லாம் தள்ளி நிக்கிறாங்கன்னு. முடியும்போதும் சீக்கிரம் வாங்கன்னு கூப்பிட்டபடியே முடியும், பதில் வந்ததுன்னு அதுல எழுதியிருக்காது. நீங்க தேடற படிப்பு இதுதான்னு எனக்குத் தோணுது. (பழைய கத்தோலிக்கப் புத்தகம் வெச்சிருக்கிறவங்களுக்கு நம்பர் ஒண்ணு குறையும், 130ன்னா அதுல 129. ஆறாம் சங்கீதம் மட்டும் ரெண்டுலயும் ஆறுதான். ஒரு தடவை இதனால ஒரு ஃபாதர்கிட்ட அரை மணி நேரம் சண்டை போட்டிருக்கேன்.)

இன்னொண்ணு, புலம்பல் ஆகமம். அஞ்சு அதிகாரம். 22 வசனம், 22 வசனம், நடுவுல 66, மறுபடி 22, 22. எபிரெய எழுத்து மொத்தம் 22, அந்தக் கணக்குல கட்டினது. "அவைகள் காலைதோறும் புதியவைகள்"னு காலண்டர்ல எல்லாம் போடறாங்களே, அந்த வசனம் எங்க இருக்குன்னா சரியா நடுவுல, மூணாவது அதிகாரத்துல. அதுக்கப்புறம் புத்தகம் சந்தோஷமா முடியுதான்னு பாருங்க, முடியாது. மறுபடி பசி, மறுபடி அழுகை, கடைசி வசனமும் ஒரு மாதிரி அந்தரத்துலதான் நிக்குது. எழுதினவன் நினைச்சிருந்தா அந்த நல்ல வசனத்தைக் கடைசியில வெச்சு முடிச்சிருக்கலாம். வெக்கல. நடுவுல வெச்சிட்டு மறுபடி இருட்டுக்குள்ள நடந்து போறான், கையில அதை வெச்சுக்கிட்டு. காலண்டர் போடறவங்க அந்த ஒரு வரியை மட்டும் பிச்சு எடுத்துடறாங்க, அதான் உங்களுக்குக் கோவம்.

கவிதைப் பிரியம் இருந்தா எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையோட இரட்சணிய யாத்திரிகம் பாருங்க, 1894-ல வந்தது. நடுநடுவே தேவாரம்னே பேர் வெச்சுப் பாட்டு வரும், நம்ம மண்ணு வாசனையில அழுதிருப்பார், பனி கொட்டாது. பார்க் டவுன்ல சி.எல்.எஸ் கடையில கேட்டுப் பாருங்க, இல்லன்னா எங்க வேப்பேரில இ.எல்.எஸ்.

இங்கிலீஷ்ல லென்ட்ங்கிற வார்த்தை வசந்த காலத்துக்கான பழைய பேர்லேர்ந்து வந்தது, பகல் நீளமாகிற காலம். அவங்களுக்கு அந்த நேரத்துல வெளிச்சம் கூடக் கூட சந்தோஷம். நமக்கோ மார்ச்ல வெளிச்சத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல, மண்டை பொளக்குது. அதனால நான் லெந்துல 121-ஐயும் சேர்த்துக்குவேன், கர்த்தர் உனக்கு நிழலாயிருக்கிறார், பகல்ல வெயில் உன்னைச் சேதப்படுத்தாதுன்னு. அதை எழுதினவன் சென்னை மாதிரி ஊர்க்காரனாத்தான் இருக்கணும்.

---

அயனாவரம்காரன்
மார்ச் 3, இரவு 10.47

ஐயா, சிஸ்டர், ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. "மணி இன்னும் மூணுதான் ஆகுது"ன்னு சொன்னீங்க பாருங்க சிஸ்டர், அதை ஆஃபீஸ்ல வெச்சுப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் பாத்ரூம்ல போய் நின்னுட்டு வந்தேன்.

சத்தியவசனம் பிரதர், கோவம் எல்லாம் இல்ல. ஆனா நேரா ஜெபத்துல உக்காருன்னு சொல்றீங்க, உக்காந்தா வார்த்தை வரலையே, அதுக்குத்தான் யாரோட வார்த்தையாவது தேடறேன்.

38 ஆரம்பிச்சாச்சு. போன்லதான். சத்தமா படிக்க வெக்கமா இருக்கு, பக்கத்து போர்ஷன்ல கேக்கும்.

---

மாடவீதி
மார்ச் 4, காலை 7.02

நான் கிறிஸ்டியன் இல்லீங்க, மயிலாப்பூர், சும்மா படிச்சிட்டுப் போகலாம்னு வந்தேன். ஒண்ணே ஒண்ணு சொல்றேன். எங்க வீட்ல மார்கழி முப்பது நாளும் திருப்பாவை, நாளுக்கு ஒரு பாசுரம். ரெண்டாவது பாட்டுலயே நெய் வேணாம் பால் வேணாம்னு நோன்பு வந்துடும். வருஷா வருஷம் அதே நாள் அதே பாட்டு. எனக்குப் பாதிக்கு இன்னும் அர்த்தம் தெரியாது. ஆனா பன்னண்டாம் நாள் அந்த எருமை, பால், பனி எல்லாம் வர்ற பாட்டு வந்தா எங்க பாட்டி சமையல்கட்டுல நிக்கிற மாதிரி இருக்கும், அவங்க போய் இருபது வருஷம் ஆச்சு. முதல் வருஷம் ஒண்ணும் தெரியல, வெறும் வார்த்தைதான். மூணாவது நாலாவது வருஷத்துலதான் பாட்டி வந்தாங்க. அதனால ஒட்டலன்னு இப்பவே விட்டுடாதீங்க.

பக்கத்து போர்ஷன்காரங்களுக்குக் கேட்டா கேட்டுட்டுப் போகட்டும். எங்க தெருவுல மார்கழில ஸ்பீக்கரே வெப்பாங்க.

---

ராயபுரம் அக்கா
மார்ச் 4, மதியம் 2.15

தம்பி எனக்கு டைப் பண்ண வராது, என் பொண்ணு பக்கத்துல உக்காந்து நான் சொல்லச் சொல்ல போடுது.

நாங்க கத்தோலிக்கு, மீன்புடி குடும்பம். எங்க வூட்டுக்காரர் காசிமேட்டுல போட்டுல போறவரு. தவக்காலம்னா எங்களுக்கு சாம்பல் புதன், பெரிய வெள்ளி ஒருசந்தி (ஒரு வேளதான் முழுச் சாப்பாடு), வெள்ளிக்கெழம சுத்தபோசனம் (கறி கூடாது, மீன் சாப்புடலாம்), சாயந்திரம் சிலுவைப்பாதை. மீன் விக்கிற வூட்ல சுத்தபோசனத்துக்கு கஷ்டம் ஒண்ணும் இல்லன்னு எங்க மாமியார் சிரிப்பாங்க. எங்களுக்கு கஷ்டம் இன்னா தெரியுமா, பூசையில அல்லேலூயா பாடக் கூடாது. நாப்பது நாளும் நாக்குல நிக்கும், வராது. பாஸ்கா ராத்திரி, ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி, லைட்டெல்லாம் அணைச்சு, வெளிய நெருப்பு மூட்டி அந்த பெரிய மெழுகுதிரிய ஏத்தி இருட்டுக்குள்ள கொண்டாருவாங்க, அப்புறம்தான் அல்லேலூயா. அன்னிக்கு பாடும்போது எனக்கு எப்பவும் தொண்ட அடைச்சுக்கும்.

நான் ஜாஸ்தி படிச்சவ இல்ல, எட்டாவது. நான் படிக்கிறது ஒரே ஒரு ஆளு கத. இயேசுவோட சீடரு பேதுரு. எங்க பெரியவங்க ராயப்பர்னுதான் சொல்லுவாங்க, எங்க ஊரு பேரே அவராலதான்னுவாங்க. அவரும் மீன்புடிகாரரு, எங்க ஆளு. அவரு ஆண்டவரைத் தெரியாதுன்னு சொன்னாரே, எங்க நின்னு சொன்னாரு? யோவான் 18-ல பாரு தம்பி. ராத்திரி, குளிரு, முற்றத்துல கரி போட்டு நெருப்பு மூட்டி வேலக்காரங்க குளிர் காயறாங்க, இவரும் அவங்களோட நின்னு கைய காய வெச்சுக்கினே தெரியாது தெரியாதுன்னாரு. மூணு தடவ. சேவல் கூவிச்சு.

இப்ப அதே யோவான்ல கடைசி அதிகாரம், 21, அதுக்குப் போ. ராத்திரி முழுக்க வல போட்டு ஒண்ணும் மாட்டல. இத நான் புக்குல படிச்சுத் தெரிஞ்சுக்க வேணாம், எங்க வூட்ல எத்தினியோ நாள் நடந்திருக்கு, டீசல் காசும் போச்சு, ஐஸ் காசும் போச்சுன்னு மூஞ்ச தொங்கப் போட்டுனு வருவாரு. விடியற நேரம் கரையில ஆண்டவர் நிக்கிறாரு, யாருன்னு இவங்களுக்குத் தெரியல. அப்புறம் வல நெறைய, 153 மீனு. எண்ணியிருக்காங்க பாரு, அதுலயே தெரியுது எழுதினவரு மீன்காரங்களோட இருந்தவருன்னு. கரைக்கு வந்து பாத்தா அங்க கரி நெருப்பு. மேல மீனு, பக்கத்துல ரொட்டி. வாங்க சாப்புடுங்கன்றாரு.

அந்த கரி நெருப்பு வாசன பேதுருவுக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாரு. எந்த நெருப்புகிட்ட நின்னு தெரியாதுன்னாரோ அதே மாதிரி நெருப்ப மூட்டி வெச்சுகினு கூப்புடறாரு. ஏன்டா அப்படி சொன்னேன்னு கேக்கல. முதல்ல சோறு. அப்புறம் மூணு தடவ, என்னை நேசிக்கிறியான்னு. மூணுக்கு மூணு. எங்க ஃபாதர் ஒருத்தர் பிரசங்கத்துல சொன்னாரு, கிரேக்கத்துல அந்த கரி நெருப்புக்கு ஒரு வார்த்த இருக்காம், புதிய ஏற்பாட்டுல இந்த ரெண்டு எடத்துல மட்டும்தான் வருதாம். நான் அதைக் கேட்டு அன்னிக்கு பூரா வேல ஓடல.

தவக்காலத்துல முதல் நெருப்பு. ஈஸ்டருக்கு அப்புறம் ரெண்டாவது நெருப்பு. நடுவுல நாம இருக்கோம். நான் ரெண்டையும் சேத்து சேத்துப் படிப்பேன், முன்னாடியே படிக்கக் கூடாதுன்னு எவனாவது சொன்னா சொல்லட்டும். எங்களுக்கு ஏப்ரல் 15-லேர்ந்து 61 நாள் தடைக்காலம், போட்டு போகாது, கையில காசு இருக்காது. அதுக்கு முன்னாடி இத படிச்சு வெச்சுகினாதான் எனக்கு அந்த ரெண்டு மாசம் தாண்டும்.

தம்பி, அம்மா வேதத்த ஏன் பீரோ மேல வெச்சிருக்கே? எடு. எடுத்தா உள்ள போன வருசத்து குருத்தோல சிலுவ ஒண்ணு இருக்கும் பாரு, வெக்காத அம்மாவே கெடையாது. எங்கள்ல பழைய குருத்தோலைய கோயில்ல வாங்கி எரிச்சுதான் அடுத்த வருச சாம்பல் புதனுக்கு நெத்தியில பூசற சாம்பல் எடுப்பாங்க. உன்னுத குடுக்க வேணாம், வெச்சுக்கோ.

தூக்கம் வரலன்னா ஒரு வெள்ளிக்கெழம எங்க கூட பரங்கிமலைக்கு வா. படி ஏறிகினே சிலுவைப்பாதையோட பதினாலு ஸ்தலமும் சொல்லுவோம். அந்தக் காலத்துல பெட்ரஸ் உஸ்கான்னு ஒரு அர்மீனிய வியாபாரி கட்டிக் குடுத்த படியாம், 1700கள்லயே. பாதிப் படியில முட்டி வலிக்கும், அன்னிக்கு ராத்திரி தூக்கம் தானா வரும். சி.எஸ்.ஐன்னு யாரும் கேக்க மாட்டாங்க.

---

சத்தியவசனம்77
மார்ச் 4, இரவு 9.30

அக்கா சொன்னது நல்லா இருக்கு. அந்த வார்த்தை விஷயம் தேடிப் பார்த்தேன், சரிதான், யோவான் 18:18, 21:9. லெந்து விஷயத்துல என் கருத்து மாறல. ஆனா இந்த வாரம் நானும் யோவான்தான் படிக்கிறேன்.

---

அயனாவரம்காரன்
மார்ச் 16, காலை 6.25

ரெண்டு வாரம் ஆச்சு, பதில் போடாம இருந்ததுக்கு மன்னிக்கணும். மார்ச் ஆச்சே, ஆஃபீஸ்ல வருஷக் கணக்கு முடிக்கிற வேலை, பில்லிங்காரங்களுக்குத் தெரியும் அந்த அவஸ்தை.

அக்கா, அம்மா வேதத்தை எடுத்துட்டேன். நீங்க சொன்ன மாதிரியே குருத்தோலைச் சிலுவை இருந்துச்சு. ஏதாவது முக்கியமான இடத்துல, அம்மா எனக்காகவே வெச்சிட்டுப் போன மாதிரி இருக்கும்னு மனசு அடிச்சுக்கிச்சு. எங்க இருந்துச்சு தெரியுமா, எண்ணாகமத்துல, ஜனங்களைக் கோத்திரம் கோத்திரமா எண்ற அதிகாரத்துல. அதை அவங்க எதுக்குப் படிச்சிருப்பாங்கன்னு யோசிச்சுப் பார்த்தேன், ஒண்ணும் புரியல. கடைசி வெள்ளைப் பக்கத்துல பால் கணக்கு இருக்கு. 29சி பஸ் டிக்கெட் மூணு. சங்கீதம் பக்கமெல்லாம் ஓரம் மஞ்சளா இருக்கு, மஞ்சக் கையோட புரட்டியிருக்காங்க. அடிக்கோடு எல்லாம் ரொம்ப இல்ல. அம்மா கோடு போடற ஆள் இல்ல, வாசிக்கிற ஆள்.

வாத்தியார் ஐயா, உங்க வரிசைதான் ஓடிக்கிட்டு இருக்கு. 51 முடிஞ்சு நேத்திலேர்ந்து 102. நடுவுல மூணு நாள் விட்டேன், ஆப்பை டெலீட் பண்ணிட்டதால யாரும் அழுமூஞ்சி காட்டல. புக்கை என் தங்கச்சிக்குக் குடுத்துட்டேன், அவளுக்கு அது நல்லா இருக்காம், அதுவும் சரிதான்.

நேத்து ராத்திரியும் தூக்கம் வரல. வேதத்தை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போனேன், போன் டார்ச் அடிச்சு 102 ஆரம்பிச்சா ஏழாவது வசனம், "நான் தூக்கமில்லாமல் விழித்து, வீட்டின்மேல் தனித்திருக்கும் குருவியைப்போல் இருக்கிறேன்." எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சின்டெக்ஸ் டேங்க் பக்கத்துல லுங்கியோட உக்காந்திருக்கிற என்னை யாரோ பார்த்து எழுதின மாதிரி இருந்துச்சு. நவம்பருக்கு அப்புறம் தனியா உக்காந்து சிரிச்சது இதான் முதல் தடவை, மனைவி பயந்து மேல ஏறி வந்துட்டா. அவளுக்கும் படிச்சுக் காட்டினேன், அவ குருவி இல்லங்க ஆந்தைன்னா. அது முந்தின வசனத்துல இருக்கு.

வெளிச்சம் வந்துடுச்சான்னா, தெரியல சிஸ்டர். மூணு மணிலேர்ந்து மூணே முக்கால் ஆன மாதிரி இருக்கு. 130 அடுத்த வாரம்தான் வருது, முன்னாடியே போய்ப் பார்க்காம வெச்சிருக்கேன்.

இன்னைக்கு நாலரைக்கு ஹால்ல உக்காந்து சத்தமா வாசிச்சுப் பார்த்தேன். முதல் ரெண்டு வசனம் குரலே எழும்பல, அப்புறம் பரவால்ல. பாதியில திரும்பிப் பார்த்தா சின்னவ தலகாணியை எடுத்துக் காதுல அமுக்கிக்கிட்டுப் படுத்திருக்கா.

அக்கா, இந்த வெள்ளிக்கிழமை மலைக்கு எத்தனை மணிக்கு? நான் கிண்டியிலேர்ந்து நேரா எலக்ட்ரிக் ட்ரெயின்ல வந்துடறேன், படிக்கட்டுக் கீழ நிக்கிறேன்.